பக்கத்துக் கட்டடத்துக்கு வரி விலக்கு, நம் கடைக்கு என்ன?

கேள்வி: ஐயா, நியூ ஜெர்சியில் ஒரு சிறிய ஊரின் டவுன்டவுனில் நானும் என் கணவரும் 14 ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்துகிறோம். கடைக்குப் பின்புறம் உள்ள நகராட்சி பார்க்கிங் இடத்தில், கீழே கடைகளும் மேலே 180 வீடுகளுமாக ஓர் ஆறு மாடிக் கட்டடம் வரப்போகிறது. கட்டும் நிறுவனத்துக்கு 30 ஆண்டு வரி விலக்கு கொடுக்கக் கவுன்சில் தயாராகிவிட்டது. “நாம் ஒரு காலாண்டு வரி கட்டத் தவறினால் வட்டி போடுகிறார்கள், பணக்காரனுக்கு மட்டும் 30 வருட விலக்கா?” என்று வியாபாரிகள் சங்கத்தில் எல்லோரும் கொதிக்கிறார்கள். எதிர்ப்பு மனுவுக்குக் கையெழுத்து வாங்குகிறார்கள். எங்கள் லீஸ் இரண்டு ஆண்டில் முடிகிறது. கட்டட உரிமையாளர் பிடி கொடுக்காமல் பேசுகிறார். “இப்போதே கடையை விற்றுவிடு அக்கா” என்கிறான் என் தம்பி. கையெழுத்துப் போடலாமா? எங்களைக் காலி செய்துவிடுவார்களா? 180 வீடுகள் வந்தால் எங்களுக்கு வியாபாரம் கூடாதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கையெழுத்துப் போடுங்கள், தவறில்லை. ஆனால் அந்த மனு உங்கள் கடையைக் காப்பாற்றும் என்று நம்பிவிடாதீர்கள். உங்கள் சங்கத்தின் கோபம் முழுவதும் வரி விலக்கின் மேல் இருக்கிறது. உங்களை உண்மையில் காலி செய்யக்கூடியவை வேறு இரண்டு: கட்டுமானம் நடக்கும் மாதங்களில் பார்க்கிங் இல்லாமல் போவது, அடுத்தது உங்கள் லீஸ். நான் நகரத் திட்டமிடல் துறையில் இருப்பவன், வழக்கறிஞன் அல்ல. லீஸ் பற்றி நான் சொல்வதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில் அந்த விலக்கு என்னவென்று பார்ப்போம். ‘வரி விலக்கு’ என்றதும் ஒரு காசும் கட்டாமல் தப்பிக்கிறார்கள் என்றுதான் தோன்றும். அப்படி இல்லை. நியூ ஜெர்சியில் 1991-ஆம் ஆண்டின் நீண்டகால வரி விலக்குச் சட்டப்படி, புதிய கட்டடத்துக்கான வழக்கமான சொத்து வரிக்குப் பதிலாக ஓர் ஆண்டுக் கட்டணத்தை நகராட்சிக்குக் கட்டுவார்கள். ஊரில் ‘பைலட்’ என்கிறார்களே, அதுதான் இது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் கட்டடத்தின் ஆண்டு மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு அல்லது அதற்குச் சற்று மேல் இருக்கும். கட்டடம் முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 30 ஆண்டு. பல ஆண்டுகள் கழிந்த பிறகு, வழக்கமான வரியில் 20, 40, 60, 80 விழுக்காடு என்று படிப்படியாகக் குறைந்தபட்ச வரம்பும் ஏறும்.

சூட்சுமம் பங்கீட்டில் இருக்கிறது. வழக்கமான சொத்து வரியில் மாநில அளவில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்குப் போகிறது. மீதியைத்தான் கவுன்டியும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நகராட்சியும் பிரித்துக்கொள்கின்றன. பைலட் கட்டணத்தில் 95 விழுக்காடு நகராட்சிக்கு, 5 விழுக்காடு கவுன்டிக்கு. பள்ளிக்கு எதையும் கொடுக்கவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு கற்பனைக் கணக்குப் போடுங்கள். அந்தக் கட்டடம் வழக்கமாகக் கட்டவேண்டிய வரி ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் என்றால், அதில் நகராட்சிக்கு வருவது ஏறக்குறைய 3 லட்சம். அதற்குப் பதில் 6 லட்சம் பைலட் கட்டினால், நகராட்சிக்கு 5 லட்சத்து 70 ஆயிரம். நிறுவனத்துக்கு 4 லட்சம் மிச்சம், மேயருக்கும் ஏறக்குறைய இரட்டிப்பு வருமானம். இருவரும் சிரித்த முகத்தோடு ஒரே மேடையில் நிற்பதற்கு இந்தக் கணக்கே போதும். பள்ளிக்கு வேண்டிய தொகை குறையப்போவதில்லை. அதை வரி கட்டும் மற்ற கட்டடங்கள் எல்லாம் சேர்ந்து சுமக்கும். உங்கள் கடை இருக்கும் கட்டடமும் அவற்றில் ஒன்று.

ஆகவே உங்கள் சங்கத்தின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2010-இல் மாநிலத்தின் கணக்குத் தணிக்கை அலுவலகமே இந்த விலக்குகளை ஆராய்ந்து, பள்ளிகளுக்கும் கவுன்டிகளுக்கும் ஏற்படும் இழப்பையும் வெளிப்படைத்தன்மை இல்லாததையும் சுட்டிக்காட்டியது. எதிர்த்துப் பேசினால் பயனே இல்லை என்பதும் சரியல்ல. 2017-இல் ஜெர்சி சிட்டியின் ஜர்னல் ஸ்குவேரில், நம் ஊர்க் கடைகள் வரிசையாக இருக்கும் நியூவார்க் அவென்யூவுக்குக் கூப்பிடு தூரத்தில், குஷ்னர் குடும்ப நிறுவனம் 30 ஆண்டு விலக்குக் கேட்டது. மக்கள் எதிர்ப்புக்குப் பின் மேயர் ஸ்டீவன் ஃபுலப் அதை ஆதரிக்க மாட்டேன் என்று வெளிப்படையாக அறிவித்தார்.

ஆனால் உங்கள் சங்கத்தின் மனு சொல்வது என்ன? ‘பணக்காரனுக்கு விலக்குக் கொடுக்காதே’. கவுன்சிலின் பதில் தயாராக இருக்கும்: “இன்று அந்த இடம் நகராட்சி பார்க்கிங். ஒரு டாலர் வரி வருவதில்லை. விலக்கு இல்லாவிட்டால் கட்டடமே வராது.” அதோடு முடிந்தது. மைக்கில் உங்களுக்குக் கிடைப்பது மூன்று நிமிடம். அதைக் கோபத்தில் செலவழித்தால் கைதட்டல் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது. கேட்கவேண்டியதை அந்தச் சட்டமே எடுத்துக் கொடுக்கிறது. விலக்குக்கு ஒப்புதல் தருமுன் கவுன்சில் இரண்டு விஷயங்களில் தன் முடிவைப் பதிவு செய்தாக வேண்டும்: விலக்கினால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் திட்டத்தின் நன்மை எவ்வளவு, கட்டடம் வருவதற்கு அந்த விலக்கு எந்த அளவுக்கு முக்கியம். “அந்த இரண்டையும் எந்தக் கணக்கை வைத்து முடிவு செய்தீர்கள், காட்டுங்கள்” என்று கேளுங்கள். நிறுவனம் கொடுத்த விண்ணப்பத்தில் நிதித் திட்டம் இருக்கும். பொது ஆவணச் சட்டத்தின்கீழ் நகராட்சிச் செயலரிடம் எழுதிக் கேட்டால், பொதுவாக 7 வேலை நாளுக்குள் பதில் தரவேண்டும்.

அது கையில் வந்ததும் முதலில் நிலத்தின் விலையைப் பாருங்கள். மறுமேம்பாட்டுப் பகுதி, அதாவது இடித்தோ சீரமைத்தோ புதிதாக்கவேண்டிய பகுதி, என்று அறிவித்த இடத்தில், நகராட்சி தன் நிலத்தை ஏலம் விடாமலே தான் தேர்ந்தெடுத்த நிறுவனத்துக்கு விற்கலாம். அந்த விலை அடிமாட்டு விலையாக இருந்தால் அதுவும் ஒரு சலுகைதான். எல்லோரும் பைலட்டைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது இது சத்தமில்லாமல் போய்விடும். இன்னொன்று: இந்தச் சட்டத்தில் விலக்குப் பெறும் நிறுவனத்தின் லாபத்துக்கு வரம்பு உண்டு. மிகுந்தால் நகராட்சிக்குத் தரவேண்டும். ஆண்டுதோறும் தணிக்கை அறிக்கையும் கொடுக்கவேண்டும். அந்த அறிக்கையை யாரேனும் திறந்து பார்க்கிறார்களா என்பதே சந்தேகம். “ஊரில் ஏற்கெனவே இருக்கும் பைலட் கட்டடங்களின் அறிக்கைகளைக் காட்டுங்கள்” என்று ஒரு வியாபாரி கேட்டால் மன்றத்தில் சற்று நேரம் பேச்சே இருக்காது.

இனி, உங்கள் கடைக்கு வருகிறேன்.

180 வீடுகளால் வியாபாரம் கூடும் என்று நிறுவனத்தின் அறிக்கையில் கட்டாயம் எழுதியிருப்பார்கள். காபிக் கடைக்கும் சலூனுக்கும் அது பொருந்தும். உங்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது, உடனடியாக நிச்சயம் பொருந்தாது. உங்கள் கடையில் சனிக்கிழமை காலை என்ன நடக்கிறது? நாலைந்து ஊர் தள்ளி இருப்பவர்கள் காரில் வருகிறார்கள். 20 பவுண்டு பொன்னி அரிசி, உளுந்து, நல்லெண்ணெய், முருங்கைக்காய், உறையவைத்த பரோட்டா, கூடவே குழந்தைக்கு ஒரு பாக்கெட் முறுக்கு. எல்லாம் காரின் பின்புறத்தில் ஏறவேண்டும். அந்த அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு யாரும் இரண்டு தெரு நடக்கமாட்டார்கள். இரண்டு முறை இடம் கிடைக்காமல் சுற்றினால், மூன்றாம் முறை நேராக எடிசனில் ஓக் ட்ரீ ரோடுக்குப் போய்விடுவார்கள். அங்கே நெரிசல் இல்லையா என்றால் இதைவிட அதிகம். ஆனால் நகைக்கடை, துணிக்கடை, ஹோட்டல் எல்லாம் அங்கே இருப்பதால் நெரிசலைப் பொறுத்துக்கொள்வார்கள். உங்கள் ஒரு கடைக்காகப் பொறுக்கமாட்டார்கள்.

மேல் வீடுகளில் வரப்போகிறவர்கள் பெரும்பாலும் ஓர் அறை, இரண்டு அறை வீட்டுக்காரர்கள். ரயிலில் வேலைக்குப் போய், மாலையில் கையில் ஒரு பையோடு வருபவர்கள். அவர்கள் வாங்குவது இரண்டு பவுண்டு அரிசி, ஒரு கட்டு கொத்தமல்லி, ஒரு பாட்டில் ஊறுகாய், சூடாக ஏதாவது கிடைத்தால் ஒரு பார்சல். அந்த வியாபாரம் நல்ல வியாபாரம்தான், லாபமும் அதில் அதிகம். ஆனால் கட்டி முடித்து, வீடுகள் நிரம்பி அது வரும்வரை நீங்கள் தாக்குப்பிடிக்கவேண்டும். குழி தோண்டிய நாளிலிருந்து அதுவரை கணக்குப் போட்டால் இரண்டு மூன்று ஆண்டு ஓடிவிடும்.

அதனால் சங்கத்தின் மனுவோடு ஒரு நிபந்தனைப் பட்டியலையும் சேர்க்கச் சொல்லுங்கள். எதிர்ப்பு மனுவைக் கவுன்சில் பதிவு செய்துவிட்டு மூடிவிடும். நிபந்தனையை அப்படி எளிதில் ஒதுக்க முடியாது, ஏனென்றால் நகராட்சிக்கும் நிறுவனத்துக்கும் இடையே ‘மறுமேம்பாட்டு ஒப்பந்தம்’ என்று ஒன்று தனியாக எழுதப்படுகிறது. வியாபாரிகளுக்கு வேண்டியதையெல்லாம் நுழைக்கவேண்டிய இடம் அதுதான். நான் பார்த்தவரை பெரும்பாலான வியாபாரிகள் அப்படி ஓர் ஒப்பந்தம் இருப்பதையே கையெழுத்தான பிறகுதான் அறிகிறார்கள். பைலட்டுக்கான ஆர்டினன்ஸுக்கு, அதாவது நகராட்சி இயற்றும் சட்டத்துக்கு, பொதுக் கூட்டம் வைக்கிறார்கள், ஊரே திரண்டு வருகிறது. இந்த ஒப்பந்தமோ ஒரு தீர்மானத்தோடு, ஒரு வியாழக்கிழமை இரவில் கடந்து போய்விடுகிறது.

பழைய பார்க்கிங்கை மூடும் நாளுக்கு முன்பே மாற்றுப் பார்க்கிங் திறந்திருக்கவேண்டும் என்று அதில் எழுதச் சொல்லுங்கள். ‘ஏற்பாடு செய்ய முயற்சி எடுக்கப்படும்’ என்ற வாசகத்தை ஏற்காதீர்கள். எத்தனை இடம், எங்கே, எந்தத் தேதி என்று இருக்கவேண்டும். உங்கள் பின்வாசலில் சரக்கு லாரி நிற்க ஓர் இடம் வேண்டும். இப்போது லாரி அந்தப் பார்க்கிங்கில்தானே நிற்கிறது? அது போனால் லாரி முன்தெருவில் இரட்டை வரிசையில் நிற்கும், போலீஸ் டிக்கெட் எழுதும், ஓட்டுநர் அடுத்த வாரம் உங்கள் கடையைக் கடைசியில் வைத்துக்கொள்வார், கீரை வாடி வரும். நடைபாதையை அடைக்கும் வேலைகளை அக்டோபர் முதல் பொங்கல் வரை வைக்காதே என்று கேளுங்கள். தீபாவளியும் கிறிஸ்துமஸும் பொங்கலும் அதற்குள் வந்துவிடுவதால் மற்ற வியாபாரிகளும் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். கட்டடம் முடிந்த பிறகு அதன் பார்க்கிங்கில் பொதுமக்களுக்கு எத்தனை இடம், என்ன கட்டணம், முதல் அரை மணி இலவசமா என்பதும் அதே ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும்.

கீழ்த்தளக் கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் உங்களைப் போன்றவர்களுக்கு இடம் கிடைக்கும் என்ற பேச்சு வரும். புதுக் கட்டடத்தின் வாடகை பழைய கட்டடத்தைவிட மிக அதிகமாக இருக்கும். வங்கிக் கடனுக்குக் காட்டிய வாடகைக்குக் கீழே கொடுப்பதைவிடக் காலியாகவே வைத்திருப்பதைச் சில உரிமையாளர்கள் விரும்புவார்கள். அதனால்தான் பளபளக்கும் கட்டடங்களின் கீழே ‘வாடகைக்கு’ என்ற பலகை ஆண்டுக்கணக்கில் தொங்குகிறது. அங்கே பெரிய சங்கிலிக் கடைகள் வராமலிருக்க, கடைகளின் அளவுக்கு உச்சவரம்பு வைக்கும்படி மறுமேம்பாட்டுத் திட்டத்தில் கேட்கலாம். மற்றபடி அதை நம்பி எதையும் திட்டமிடவேண்டாம்.

நகராட்சி உங்கள் கடையைக் கையகப்படுத்துமா? அந்தப் பயத்தை விடுங்கள். 2005-இல் கனெக்டிகட்டின் நியூ லண்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொருளாதார வளர்ச்சிக்காகத் தனியார் வீட்டை எடுக்கலாம் என்று 5-4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னதால் வந்த பயம் இது. நியூ ஜெர்சியில் 2007-இல் மாநில உச்ச நீதிமன்றமே, ஓர் இடம் முழுப் பயனில் இல்லை என்பதற்காக மட்டும் அதைச் சீரழிந்த இடம் என்று சொல்லி எடுத்துக்கொள்ள முடியாது என்று கட்டுப்படுத்தியது. 2013 முதல், கையகப்படுத்தும் அதிகாரத்தோடா, அது இல்லாமலா என்று பகுதியை அறிவிக்கும்போதே சொல்லியாகவேண்டும். உங்கள் ஊர்த் தீர்மானத்தில் எது எழுதியிருக்கிறது என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பார்க்கிங் இடம் நகராட்சியுடையதே என்பதால், அநேகமாக உங்கள் கட்டடம் அதற்குள் வரவே வராது.

ஆனால் உங்கள் உரிமையாளர் உங்களை அனுப்பிவிடலாம். அதற்கு நகராட்சி தேவையில்லை. நியூ ஜெர்சியில் தகுந்த காரணம் இல்லாமல் வெளியேற்றக்கூடாது என்ற சட்டம் குடியிருப்போருக்குத்தான், கடைக்காரர்களுக்கு இல்லை. லீஸ் முடிந்தால் அவர் புதுப்பிக்கவேண்டிய கட்டாயமே கிடையாது. அவர் ஏன் பிடி கொடுக்காமல் பேசுகிறார் என்று இப்போது புரிந்திருக்கும். பின்னால் ஆறு மாடி எழுந்தால் தன் கட்டடத்துக்கு என்ன விலை வரும் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் இடத்தில் இருந்தால் நீங்களும் அதைத்தான் செய்வீர்கள்.

இந்த வாரமே லீஸை எடுத்துப் படியுங்கள். புதுப்பிக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா, இருந்தால் எத்தனை மாதம் முன்பு எழுத்தில் சொல்லவேண்டும்? அந்தத் தேதியைத் தவறவிட்டு உரிமையை இழந்தவர்கள் ஏராளம். உரிமையாளர் கட்டடத்தை இடிக்கவோ விற்கவோ முடிவு செய்தால் இத்தனை மாத அவகாசத்தில் லீஸை ரத்து செய்யலாம் என்று ஒரு பத்தி இருக்கிறதா? அது இருந்தால் பத்தாண்டு லீஸும் ஆறு மாத லீஸ்தான். கடைசியாக, சொத்து வரி யார் தலையில்? ‘டிரிபிள் நெட்’ லீஸ் என்றால் வரி, காப்பீடு, பராமரிப்பு எல்லாம் உங்கள் பங்கில் வரும். பக்கத்தில் புதுக் கட்டடம் எழுந்து, ஊரில் மறுமதிப்பீடும் நடந்தால் உங்கள் கட்டடத்தின் மதிப்பு ஏறலாம், அந்த ஏற்றத்தின் வரி உங்களுக்கு வரும். ஆக, விலக்குப் பக்கத்துக் கட்டடத்துக்கு, வரி உயர்வு உங்களுக்கு. சங்கத்தின் கோபத்துக்குச் சரியான இடம் இதுதான், ஆனால் இதற்கு மருந்து கவுன்சிலிடம் இல்லை, உங்கள் லீஸில் இருக்கிறது. வரி உயர்வில் உங்கள் பங்குக்கு ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று உச்சவரம்பு கேளுங்கள். கட்டுமான காலத்தில் உங்கள் கடை இருக்கும் கட்டடத்தின் வருமானம் குறைந்தால், உரிமையாளர் வரி மதிப்பீட்டை எதிர்த்து மேல்முறையீடு செய்யவேண்டும், கிடைக்கும் குறைப்பு உங்களுக்கும் வரவேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலான கவுன்டிகளில் அதற்குக் கடைசி நாள் ஏப்ரல் 1.

உரிமையாளரிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். நியூ ஜெர்சியில் ஐந்தாண்டு வரி விலக்குச் சட்டம் என்று இன்னொன்றும் இருக்கிறது. நகராட்சி அதற்கென ஆர்டினன்ஸ் நிறைவேற்றியிருந்தால், பழைய வணிகக் கட்டடத்தைச் சீரமைப்பதால் ஏறும் மதிப்புக்கு ஐந்தாண்டு வரி போடாமல் விடலாம். வேலை முடிந்த 30 நாளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். உங்கள் ஊரில் அந்த ஆர்டினன்ஸ் இருக்கிறதா என்று மதிப்பீட்டாளர் அலுவலகத்தில் கேளுங்கள். இருந்தால், “கூரையையும் முகப்பையும் சீர் செய்யுங்கள், செலவில் ஒரு பங்கை நான் ஏற்கிறேன், எனக்கு ஐந்தாண்டு லீஸும் இன்னொரு ஐந்தாண்டு புதுப்பிக்கும் உரிமையும் கொடுங்கள்” என்று பேசலாம். இல்லாவிட்டால், சங்கம் கவுன்சிலிடம் வைக்கவேண்டிய முதல் கோரிக்கை அதுவாக இருக்கட்டும். பெரிய நிறுவனத்துக்கு 30 ஆண்டு கொடுக்கும் கவுன்சில், இருக்கும் கடைகளின் கட்டடங்களுக்கு ஐந்தாண்டு கொடுக்க முடியாது என்று பொதுக் கூட்டத்தில் சொல்வது கடினம்.

நாள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆர்டினன்ஸ் முதல் வாசிப்புக்கும் பொதுக் கூட்டத்தோடு வரும் இரண்டாம் வாசிப்புக்கும் இடையே குறைந்தது 10 நாள் இருக்கும். நிறைவேறி அறிவிப்பு வெளியான பிறகு நீதிமன்றம் போவதென்றால் பொதுவாக 45 நாள்தான். வழக்குப் போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். வழக்கறிஞர் கட்டணத்தைச் சங்கத்தில் எத்தனை பேர் கடைசிவரை பகிர்ந்துகொள்வார்கள் என்பது உங்களுக்கே தெரியும். முதல் வாசிப்புக்கு முன்பே இரண்டு கவுன்சில் உறுப்பினர்களைக் கடைக்கு வரச்சொல்லி, சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பின்வாசலில் நிற்க வையுங்கள். பார்க்கிங் பற்றி நீங்கள் பேசவே தேவையிருக்காது.

தம்பி சொல்வதைப் பற்றி. இன்றைய நிலையில் நீங்கள் விற்கக்கூடியது என்ன? அலமாரி, ஃப்ரீசர், சரக்கு, கடையின் பெயர். இரண்டு ஆண்டில் முடியும் லீஸை வைத்துக்கொண்டு, பின்னால் குழி தோண்டப்போகிறார்கள் என்று தெரிந்த எவரும் அதற்கு மேல் ஒரு டாலர் தரமாட்டார்கள். பத்தாண்டு உறுதியான லீஸ் கையில் இருந்தால் அதே கடைக்கு வேறு விலை. ஆகவே விற்பதாக இருந்தாலும் முதல் வேலை லீஸ்தான். புதுப்பிக்கும் உரிமை இல்லை, உரிமையாளரும் மசியவில்லை என்றால், மனுவில் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்காமல், பக்கத்து ஊர்களில் கார் நிறுத்த இடமுள்ள சிறு வணிக வளாகம் ஒன்றைத் தேடத் தொடங்குங்கள். இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கும்போது தேடினால் பேரம் பேசலாம். ஆறு மாதம் இருக்கும்போது தேடினால் சொன்ன வாடகைக்குத்தான் போகவேண்டியிருக்கும்.